ஏற்காட்டு ஏரியில் பாவா குளித்த நாள்

போன மாதம் பொதட்டூர்பேட்டையில் என் அக்கா மகன் குமார் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சேலத்திலிருந்து நூல் விற்க வருகிற ஒருவர் வந்திருந்தார். வரும்போது ஏற்காட்டுக் காப்பித்தூள் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். குமார் மனைவி உடனே அதைப் பிரித்து அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டாள். பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறியின் எண்ணெய் வாடையையும் மீறிக்கொண்டு அந்த வாசனை வந்தது. எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடும்போதே குமார் ஆரம்பித்துவிட்டான்.

"ஏற்காடுன்னா எங்க மாமாவத்தான் கேக்கணும். எங்க அப்பா அங்க ஏரியில முழுகப் பாத்தாரு. இவருதான் தண்ணியில எறங்கி இழுத்துப் போட்டாரு. அப்ப எனக்கு ரெண்டு வயசு. இவரு இல்லன்னா நாங்கல்லாம் இன்னா ஆயிருப்போம்னு எங்கம்மா சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்துச்சு."

சேலத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா நீச்சல் அடிப்பீங்களோ?"

"ஆங்," என்றேன்.

நாலு பேர் பார்த்தால் எனக்கு வியர்த்துவிடும். கல்யாண வீடுகளில் பந்தியின் கடைசி இலையைத் தேடிப்போய் உட்காருகிறவன் நான். ஆனால் அந்த 'ஆங்' கூச்சத்தால் வந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனது. எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றுப் படியில்கூட இரண்டாவது படிக்குக் கீழே இறங்கியதில்லை. நான் யாரையும் காப்பாற்றவில்லை. வாயால் சொல்ல வராததை எழுதியாவது பார்க்கலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. படிக்கிறவர் முகம் எதிரே இருக்காது.

எங்கள் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் புழங்கும். அப்பாவை நைனா என்போம், அக்காவின் கணவரை பாவா என்போம். எங்கள் பாவாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் வீட்டோடு நாலு தறி. லுங்கி நெய்தார்கள். திருத்தணியில் வேலை வெட்டி இல்லாமல் திரிந்துகொண்டிருந்த என்னை நைனா அங்கே கொண்டுபோய் விட்டபோது எனக்குப் பதினேழு வயது. பாவா என்னைத் தறியில் உட்கார வைத்தார், சோறு போட்டார், தீபாவளிக்குத் தன் பிள்ளைக்கு எடுக்கும் முன்பு எனக்குச் சட்டை எடுத்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். தெருமுனையில் அவர் தும்மினால் வீட்டில் அக்கா உலை வைப்பாள் என்று கேலி செய்வார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாதம் தவறாமல் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறுவார். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காலை வைப்பார். இதை வழக்கம் என்று சொல்வதுகூட அதிகம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் அப்படித்தான். மலை என்று ஒன்று இருந்தால் மேலே சாமி இருக்கும். மேலே தண்ணீர் இருந்தால் அது தீர்த்தம். சும்மா ஏறி, சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு, சும்மா இறங்குவதற்கு ஒரு மலை இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

எனக்குப் பத்தொன்பது நடந்தபோது சேலத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எண்பதுகளின் ஆரம்பம். குமாருக்குக் காய்ச்சல் என்று அக்கா வரவில்லை. பாவாவும் நானும் அரக்கோணம் போய் ரயில் ஏறினோம். அந்தக் கல்யாணத்துக்காக நான் முதன்முதலாக ஒரு பேன்ட் தைத்திருந்தேன். முட்டிக்குக் கீழே அகலமாக, இடுப்பில் மூச்சு விட முடியாமல். திருத்தணி டெய்லர் அளவெடுக்கும்போது நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றதுதான் காரணம். கூச்சப்படுகிறவனுக்கு அளவெடுப்பதும் கஷ்டம்.

கல்யாண வீட்டுக் கூடத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் ஏற்காட்டு ஏரி. படகில் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு ஆணும் பெண்ணும். சாப்பிடப் போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் நின்றேன் போலிருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. பாவாதான் பார்த்திருக்கிறார்.

"இன்னாடா, படத்தையே பாத்துகினு கீற? போவணுமா?"

"இல்ல பாவா, சும்மாத்தான்."

"தறியில பாவு பூட்டாம கெடக்குது ஊட்ல. ஒரு நாள் லேட்டானா இன்னா, ஓடியா பூடும்? பொழுதோட போய்ட்டு வந்துர்லாம் வா. எனக்கும் அந்த மலையப் பாத்த மாதிரி ஆவும்."

அவருக்கு அந்த மலை தேவையில்லை. எனக்காகத்தான் வந்தார். இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

காலையில் கடைக்குப் போய் ஒரு தேங்காயும் கற்பூரமும் வெற்றிலையும் வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் பின் சீட்டில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருந்தார்கள். அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு முன்னால் இடம். பக்கத்தில் மூன்று பையன்கள், மெட்ராஸ் காலேஜ். ஒருவன் கழுத்தில் கேமரா, ஒருவன் கண்ணாடி போட்டிருந்தான். மூன்றாவது ஆள் ஓயாமல் பேசினான். அவர்களும் என் மாதிரிதான் பேன்ட் போட்டிருந்தார்கள்.

"நீங்க எந்த காலேஜ்?" என்றான் பேசுகிறவன்.

"நான் திருத்தணி பக்கம்," என்றேன். கேட்டது காலேஜை, சொன்னது ஊரை. அவன் மேற்கொண்டு கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை. நான் அதிகம் பேசாததால் பெரிய படிப்பு படிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டார்கள். வாயைத் திறக்காமலேயே ஒருவன் பொய் சொல்லலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது சுகமாகவும் இருந்தது. அந்த மூன்று பேர் என்னை 'வாங்க' என்றார்கள். அதுவரை என்னை யாரும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் பாவா குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செருப்பைக் கழற்றி மஞ்சள் பையில் தேங்காயோடு போட்டுக்கொண்டார். கோயில் எந்தப் பக்கம் என்று ஒரு டீக்கடைக்காரரைக் கேட்டார். அந்தக் கோயில் ரொம்பத் தூரம், மேலே போக வேண்டும், இங்கே எல்லாரும் ஏரியைத்தான் பார்க்க வருவார்கள் என்று அவர் சொன்னார்.

"தண்ணியப் பாக்கவா இவ்ளோ பேரு ஏறி வராங்க?" என்றார் பாவா. நிஜமாகவே கேட்டார். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மெட்ராஸ் பையன்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கீழே சேலம் முழுதும் தெரிகிற முனை ஒன்று இருக்கிறது, முதலில் அங்கே நடக்கலாம் என்றார்கள் பையன்கள். காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஓங்கி வளர்ந்த மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி சுற்றியிருந்தது. பதினோரு மணி வெயிலிலும் குளிர்ந்தது. காப்பி பூத்திருந்த நேரம். மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, ஆனால் வாசனையில் மல்லிகையின் அந்தத் தித்திப்பு கிடையாது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டே வளர்ந்த என் கால்களுக்கு, எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாமல் நடப்பது புதிதாக இருந்தது. நன்றாக இருந்தது என்றே எழுத வேண்டும். அந்த நாளில் நன்றாக இருந்ததும் உண்டு.

பாவா பின்னால் வந்தார். வெறுங்கால். திருத்தணிப் படிகள் தேய்ந்து வழவழவென்று இருக்கும். இந்தப் பாதையில் கூர்க்கற்கள். ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"டேய், மெதுவா போங்கடா. காலு எரியுது."

"உங்களையா கூப்புடறாரு?" என்றான் கண்ணாடிப் பையன்.

"எங்க ஊர்க்காரர்," என்றேன்.

சொன்னதில் பொய்யில்லை. அப்படித்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முனையில் போட்டோ எடுத்தார்கள். என்னையும் நடுவில் நிறுத்தினார்கள். பாவா மூச்சு வாங்க வந்து சேர்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். போட்டோ என்றால் அவருக்கும் ஆசைதான். கேமராப் பையன், "பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றான். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. என் முகத்தைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்தேன். தள்ளிக்கொண்டார். அந்தப் படம் மெட்ராஸில் யார் வீட்டிலாவது இன்னும் இருந்தால், அதன் ஓரத்தில் ஒரு முழங்கை விழுந்திருக்கும்.

ஏரிக்குத் திரும்பி வந்தபோது பையன்கள் படகுக்குச் சீட்டு வாங்கி, என்னைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார்கள். பாவா கொஞ்சம் தள்ளி, புல்லும் சேறுமாகச் சரிந்திருந்த கரையில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வரவில்லை, நீ போய்விட்டு வா என்று கையைக் காட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

துடுப்புப் போடுகிறவர் வயசாளி. ஏரி நடுவுக்குப் போனதும் துடுப்பை நிறுத்தினார். மூடுபனி லேசாக இறங்கியது. அப்போதுதான் கரையில் கற்பூரம் எரிவதைப் பார்த்தோம். பாவா வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றி, தேங்காயை ஒரு கல்லில் உடைத்து, தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு இறங்கினார். கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, "முருகா" என்றார். அவர் குரலைப் பற்றிச் சொன்னேனே, அது ஏரி முழுக்கக் கேட்டது. கரையில் நடந்துபோனவர்கள் நின்று பார்த்தார்கள். கட்டியிருந்தது அவர் நெய்த லுங்கியே, சிவப்புக் கட்டம். தண்ணீரில் காற்று புகுந்து அது அவரைச் சுற்றிப் புடைத்துக்கொண்டு நின்றது.

"டேய், பாராசூட்டு," என்றான் பேசுகிறவன். படகு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"அங்க எறங்காதீங்க சாமி, சேறு," என்று துடுப்புக்காரர் கத்தினார்.

ஒருமுறை முங்கினார், இரண்டாவது முங்கினார். மூன்றாவது முறை எழுந்தபோது தண்ணீர் மார்பிலிருந்து கழுத்துக்கு வந்திருந்தது. காலை எடுக்கப் பார்க்கிறார், வரவில்லை. கைகளை அடித்தார். முகம் எங்கள் படகைத் தேடியது.

"மச்சான்," என்றார். "டேய் மச்சான்."

"யாரோட மச்சான்பா அது?" என்றான் பேசுகிறவன்.

துடுப்புக்காரர் எங்களைப் பார்த்தார். "உங்ககூட வந்தவருங்களா?"

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். நான் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்துத்தான் அந்தக் குரல் வந்தது.

"தெரியாதுங்க," என்றேன்.

கண்ணாடிப் பையன் மட்டும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டான்.

அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன் என இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் இரண்டாவது தடவை கூப்பிடுகிற வரைக்கும்தான் அது செல்லும். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

யாருமில்லாத ஆளுக்காகத் துடுப்புக்காரர் படகைத் திருப்பி வேகமாகத் தள்ளினார். அதற்குள் கரையில் விறகுக்கட்டு சுமந்து போன மலைக்காரர் ஒருவர் கட்டைக் கீழே போட்டு, கயிற்றை அவிழ்த்து, நீளமான கிளை ஒன்றை உருவி நீட்டினார். பாவா அதைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் புல்லில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தார். வயிறு தரையில் தேய்ந்து, சேறு பூசி, பாவா கரைக்கு வந்தார். லுங்கியைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏத்திட்டாங்க," என்று துடுப்புக்காரர் மூச்சு விட்டார். பையன்கள் கைதட்டினார்கள். நான் பேன்டின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நிமிர்ந்தபோது பாவா அந்த மலைக்காரருடன் குனிந்து, சிதறின விறகைப் பொறுக்கித் திரும்பக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கயிறு ஒரு இடத்தில் அறுந்திருக்க வேண்டும். அவர் கை போன போக்கிலேயே தூரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. தறியில் அறுந்த இழையைச் சேர்க்கிற முடிச்சைத்தான் போட்டார்.

படகை விட்டு இறங்கினதும் நேரே அவரிடம் ஓடியிருக்கலாம். நான் பையன்களோடு போய் டீ குடித்தேன். அவர்கள் தங்குமிடத்துக்குத் திரும்பின பிறகுதான் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தேன். பாவா மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். ஈர லுங்கி, மேலே உலர்ந்த சட்டை, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. செருப்பு இன்னும் பைக்குள்தான் இருந்தது.

"சாப்ட்டியா?" என்றார்.

"ஆச்சு பாவா."

தேங்காய்ச் சில்லு ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என்ன ஆயிற்று, ஏன் நனைந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பார்க்காதது போல் நடிக்க வேண்டும். அந்த அளவுக்கு எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

இறங்குகிற பஸ்ஸில் ஒரே சீட்டு. அவருடைய ஈரம் என் பேன்டில் ஊறியது. பாதி மலை இறங்கின பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"தண்ணி மேல பேசினா கரைக்கு நல்லா கேக்குதுடா."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவர் சொல்கிற மாதிரி சொன்னார்.

ஊருக்கு வந்ததும் அக்கா அவர் வயிற்றில் இருந்த சிராய்ப்புகளைப் பார்த்துவிட்டாள். பக்கத்துத் தறிக்காரர்களும் கூடிவிட்டார்கள். நான் கதவோரம் நின்று, இதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஏரில குளிக்கப் போய் சேத்துல மாட்டிகினேன். உன் தம்பி இல்லன்னா இன்னிக்கி நான் இல்ல," என்றார் பாவா. "பேன்ட்டோட எறங்கி இழுத்துப் போட்டான்."

அக்கா வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள். அவள் அழுதாள். பேன்டில் ஈரம் பட்டுக் காய்ந்த கறை இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். பாவா என்னைப் பார்க்காமல் உள்ளே போய்ச் சோறு போடச் சொன்னார்.

ஏன் அப்படிச் சொன்னார்? மச்சானை மனைவி முன்னால் விட்டுக்கொடுக்கக்கூடாது என்றா? கூப்பிட்டும் வராத ஒருவன் தனக்கு இருக்கிறான் என்று ஊருக்குத் தெரிவதில் அவருக்கே வெட்கமா? அல்லது காலம் முழுக்க இதைச் சுமடா என்று என் தலையில் ஏற்றிவிட்டாரா? ஒரே அறையில், எதிரும் புதிருமான இரண்டு தறிகளில், பதினோரு வருஷம் நெய்தோம். தறியில் நாடா ஓடுகிற சத்தத்தில் பேசாமல் இருப்பது சுலபம். அவர் எனக்குப் பெண் பார்த்தார், கல்யாணம் செய்து வைத்தார். பெண் வீட்டாரிடமும் அந்தக் கதையைத்தான் சொன்னார். என் மனைவி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அதைக் கேட்டுத்தான். நான் பேசாமல் இருப்பதைத் தன்னடக்கம் என்று நினைத்தாளாம்.

ஒரே ஒரு தடவை முயன்றேன். ஒரு கிருத்திகைக்குத் திருத்தணிப் படியில் அவர் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தபோது, "பாவா, அன்னிக்கி அந்த ஏற்காட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் திரும்பவில்லை. "ஏறு. பேசிக்கினே ஏறுனா மூச்சு வாங்கும்," என்றார்.

தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

இந்த மாதம் குமார் வேன் வைத்துக் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குக் கிளம்பினான். சேலத்துக்காரர் அழைத்தாராம். வரமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. ஏரிக்கரையில் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். குமார் கைபேசியை நீட்டிப் படம் எடுக்கத் தயாராக நின்றான்.

"எந்த எடம் மாமா? எங்க இருந்தீங்க நீங்க?"

இதுதான் சமயம் என்று நினைத்தேன். அக்காவும் போய்விட்டாள், இனி யாருக்கு வலிக்கப்போகிறது? கையை நீட்டி ஏரியின் நடுவைக் காட்டினேன். "நான் அங்க இருந்தேன்டா. அதோ, நடுவுல. படகுல. உங்கப்பா இங்க கரையாண்ட கத்துனாரு. எனக்குக் கேட்டுச்சு."

குமார் நடுவையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"அவ்ளோ தூரத்துல இருந்தா குதிச்சி வந்தீங்க?" என்றான். "இத எங்கப்பா சொல்லவே இல்லியே மாமா."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பெண்ணைக் கூப்பிட்டு, தாத்தா காலைத் தொட்டுக் கும்பிடு என்றான். அந்தக் குழந்தை அத்தனை பேர் நடுவில் குனிந்து என் செருப்பைத் தொட்டது.

அந்தச் சேற்றுக் கரை இப்போது இல்லை. சிமென்ட் மேடை கட்டி, இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். யாரும் தண்ணீரில் கால் வைக்க முடியாது. துடுப்புப் படகுகள் குறைந்து, காலால் மிதிக்கிற படகுகள் வந்துவிட்டன. முனைக்குப் போகிற பாதை தார் ரோடாகி, அதில் கார்கள் போகின்றன. அந்த விறகுக்காரர் பெயரைப் பாவா கேட்டிருப்பார், நான் கேட்கவில்லை. நடந்தது இப்படியில்லை என்று குமாரிடம் சொல்ல, அவன் நம்பும்படி சொல்ல, ஒருவரால் முடியும். பாவா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.